அடைப்புக்குறிக்குள் ஒரு பி.காம்.

கேள்வி: என் மகள் சென்னையில் விடுதியில் தங்கி பி.ஏ. தத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தும், பிடிவாதமாக இதில்தான் சேர்ந்தாள். (சொந்தக்காரர்களிடம் பி.காம். என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.) அப்புறம் ஆளே மாறிவிட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றச் சொன்னால் 'எதுக்கு?' என்கிறாள். நோட்டில் கடவுள் இல்லை, ஆன்மா இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். போன மாதம் ஒரு கல்யாணத்தில், ஆடிட்டராக இருக்கும் என் அக்கா மகன் படிப்பைப் பற்றி அன்பாகத்தான் விசாரித்தான். பதில் சொல்லாமல் எழுந்து போனவள் பந்தியில்கூட உட்காரவில்லை. குலதெய்வப் பொங்கலுக்கும் வரவில்லை. என் மாமியார் அழுதுவிட்டார். இந்தப் படிப்பு பெண்ணைக் கெடுத்துவிட்டதா? வேலையாவது கிடைக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், திண்டுக்கல்

பதில்: சகோதரி, வேலைக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஏதாவது ஒரு டிகிரி போதும் என்கிற தேர்வுகள் எல்லாமே அவளுக்கும் உண்டு. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம். இரண்டு தாள், 500 மதிப்பெண். எம்.ஏ. முடித்து நெட் என்கிற தகுதித் தேர்வை எழுதித் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போட்டி போடலாம். சுலபமில்லைதான். பி.காம். படித்தவர்கள் எல்லாரும் உங்கள் அக்கா மகன் மாதிரி ஆடிட்டர் ஆகிவிட்டார்களா என்ன?

அடுத்து அந்த நோட்டு. இந்தியத் தத்துவப் பாடத்தில் தொடக்கத்திலேயே வருவது உலகாயதம். கண்ணால் காண்பது மட்டுமே உண்மை, உடம்பைத் தாண்டி ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது அவர்கள் கட்சி. அதைத்தான் அவள் எழுதி வைத்திருக்க வேண்டும். சைவ சித்தாந்தத்தின் பெரிய ஆசிரியர்களில் ஒருவரான அருணந்தி சிவாசாரியாரும் 13ஆம் நூற்றாண்டில் இதையே செய்தார். சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைப் பேசும் பரபக்கம் என்கிற பகுதியில் உலகாயதன் என்ன சொல்கிறான் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மறுக்க ஆரம்பிக்கிறார். தெரியாததை எப்படி மறுப்பது? மகளின் நோட்டை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் படித்தீர்கள், சரி. அடுத்த பக்கத்தையும் புரட்டினீர்களா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட அந்த ஒரு வரிதான். பி.காம். என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? சொன்னது நீங்கள், காப்பாற்ற வேண்டியது அவள். ஆடிட்டர் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காஸ்டிங் கணக்குப் பாடம் எப்படிப் போகிறது என்று கேட்டால், அந்தப் பெண் என்ன சொல்வாள்? உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் நடுவில் அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாள். பொய்யைத் தொடரலாமென்றால் அவளுக்குக் கணக்கு தெரியாது. எழுந்து போய்விட்டாள். நீங்கள் அதைத் திமிர் என்கிறீர்கள். உங்களைக் காட்டிக் கொடுக்க மனமில்லாமல் சோறு தின்னாமல் வந்த பிள்ளை அம்மா அது.

மணிமேகலை கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சமயவாதிகளின் கொள்கைகளை அறியப் போகிறவளிடம், நீ இளம்பெண் என்று தெரிந்தால் யாரும் உண்மைப் பொருளைச் சொல்லமாட்டார்கள், வேற்றுரு எடுத்துக்கொள் என்று தெய்வமே மந்திரம் கொடுக்கிறது. அவளும் வஞ்சி நகரில் தவசி வேடத்தில் போய் வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர் என்கிற சமணர் என்று ஒவ்வொருவராகக் கேட்கிறாள். வேடம் போட்டுப் படித்த பெண் நம் தமிழுக்குப் புதிதில்லை. ஆனால் மணிமேகலை வேடம் போட்டது ஊராரிடம். உங்கள் மகளுக்கோ கல்லூரியில் வேடம் தேவைப்படவில்லை, வீட்டுக்கு வந்தால்தான் தேவைப்படுகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பொங்கல் வைக்க ஆசையாக ஓடி வருவாளா? அங்கேயும் அதே சொந்தபந்தம், அதே கேள்வி.

அதற்காக அவள் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். பாட்டி அழுதிருக்கிறார். குலதெய்வத்தை நம்புவதும் நம்பாததும் அவள் பாடு. நாலு வருஷம் கழித்து வேறு மாதிரிகூட நினைப்பாள். பாட்டியைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கோயில் திண்ணையில் உட்கார வைப்பதற்கு எந்தச் சித்தாந்தமும் தடை சொல்லவில்லை. குடும்பம் என்று ஒன்று இருந்தால் போய் நிற்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன, நான் பழைய ஆள், அப்படித்தான் நினைக்கிறேன். இந்தப் பத்தியை அவளிடம் படித்துக் காட்டுங்கள். 'எதுக்கு?' என்று கேட்டால் கோபப்படாமல் உங்களுக்குத் தெரிந்த பதிலைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அவளையே கேளுங்கள், படிக்கிறாளே.

ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை அவள் ஊருக்கு வரும்போது, அவள் முன்னாலேயே அக்கா மகனுக்குப் போன் போடுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள். "தம்பி, அவ படிக்கிறது தத்துவம். பி.காம்.னு நான்தான் பொய் சொல்லிட்டேன்" என்று சொல்லுங்கள். ஏன் சித்தி என்று அவன் கேட்பான். அதற்கும் பதில் சொல்லிவிட்டு வையுங்கள்.