குதிரை கட்ட மேட்டுநிலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் அம்மம்மாவின் வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிறது. சுண்ணாம்புக் கட்டு, பீலி ஓடு, முன்னுக்கு நீளத் திண்ணை, பின்னுக்குத் தனிக் குசினி. அம்மாவுக்குச் சீதனமாக வந்ததை இப்போது எனக்கு எழுதிவிட்டார். வளவு இரண்டு ஏக்கர், அதற்குப் பின்னால் வயல் வட்டையோடு சேர்ந்து இன்னும் மூன்று ஏக்கர் அப்பாவின் பெயரில் கிடக்கிறது. நாங்கள் டவுனில் வாடகைக்கு இருக்கிறோம். எல்லாவற்றையும் விற்றுவிட்டு டவுனில் பத்துப் பேர்ச் வாங்குவோம் என்கிறார் கணவர். பன்னிரண்டு வயது மகளோ நுவரெலியாவில் குதிரை ஏறிய நாளில் இருந்து குதிரை வளர்க்க வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். எனக்கும் அந்த வீட்டை விட மனமில்லை. ஐந்து ஏக்கர் இரண்டு குதிரைக்குப் போதாதா? (ஒரு தாய், மட்டக்களப்பு)

பதில்: தங்கச்சி, வீட்டை விற்காதீர்கள். குதிரை விஷயத்தில் எனக்கு நிறையத் தயக்கம் உண்டு, வீட்டு விஷயத்தில் துளியும் இல்லை, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போவது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார், பக்கத்து வளவில் பெரியம்மாவும் சின்னம்மாவும் இருப்பார்கள், நம் ஊர்கள் அப்படித்தான் உருவாகின. உங்கள் வீட்டு வளையும் நிலையும் முதிரையாகவோ பாலையாகவோ இருக்கும், அந்தப் பருமனில் மரத்தை இன்று காசு கொடுத்தாலும் லேசில் எடுக்க முடியாது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் வீட்டு ஓடு பாதிக்கு மேல் பறந்துபோனது, ஆனால் வளை அசையவே இல்லை, அடுத்த கிழமை அதே வளைக்கு மேல் கிடுகு போட்டுக்கொண்டு குடியிருந்தோம். கணவருக்குத் தூரம்தான் பிரச்சினை என்றால், மண்முனையில் வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த காலம் போய்விட்டது என்று சொல்லுங்கள், 2014 இல் பாலம் திறந்த பிறகு அங்கிருந்து டவுனுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

சரி, இனிக் குதிரை. ஏக்கர்க் கணக்கை மறந்துவிடுங்கள். குதிரை ஒன்றுக்கு ஒன்றிரண்டு ஏக்கர் என்று வெளிநாட்டில் சொல்வார்கள், அது புல் தாராளமாக முளைக்கும் குளிர்நாட்டுக் கணக்கு. வாவிக்கு மேற்கே நம் படுவான்கரையில் கேட்க வேண்டியது வேறு: மார்கழியில் அந்தக் காணியில் எவ்வளவு இடம் ஈரமில்லாமல் கிடக்கும்? வாடை தொடங்கி மழை இறங்கிவிட்டால் உங்கள் பின் மூன்று ஏக்கரும் தண்ணீரில் நிற்கும் என்றே நினைக்கிறேன். எருமை அதில் சந்தோஷமாகப் படுக்கும், மாடும் சமாளிக்கும். குதிரையால் முடியாது. நாள்கணக்கில் சேற்றில் நின்றால் குளம்பின் அடிப்பக்கம் மெத்தென்றாகி அழுகத் தொடங்கும், கறுப்பாகக் கசிந்து நாறும், பிறகு நொண்டும். நம் பழையவர்கள் வீட்டை எங்கே கட்டினார்கள் என்று போய்ப் பாருங்கள், காணியிலேயே உயர்ந்த இடத்தில்தான் கட்டியிருப்பார்கள். ஆகவே மாரியில் காய்ந்து கிடக்கிற இடம் வீடு நிற்கிற மேடு மட்டும்தான், குதிரைக்கும் அதே மேடுதான் வேண்டும். அந்த மேட்டை வீட்டுக்கும் குதிரைக்கும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கிற வேலை.

சும்மா கிடக்கிற பழைய குசினியைக் குதிரைக்கு விட்டுவிடலாம் என்று தோன்றும், தயவுசெய்து செய்யாதீர்கள். மூத்திரம் நிலத்தில் ஊறிச் சுவரில் ஏறும், அதிலிருந்து வரும் உப்பு சுண்ணாம்புச் சாந்தைப் பொரியவைத்து உதிர்த்துவிடும், நூறு வருடம் நின்ற சுவர் உங்கள் கண் முன்னாலேயே பழுதாகும். கொட்டில் தனியாக, வீட்டுக்குக் காற்று வராத பக்கமாக இருக்கட்டும். குதிரை ஒன்றுக்கு 12 அடிக்கு 12 அடி, கூரை பத்து அடிக்குக் குறையாத உயரம், பக்கங்கள் திறந்தபடி. நம் வெக்கைக்கு நாலு பக்கமும் சுவர் எழுப்பினால் அது சூளைதான். நிலத்தைக் கிறவல் போட்டு ஒரு அடியாவது உயர்த்துங்கள். சாணிக் குழி கிணற்றில் இருந்து நன்றாகத் தள்ளி, தண்ணீர் வடிகிற கீழ்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். சின்னக் குதிரை இரண்டு நின்றாலே ஒரு நாளைக்கு 30 கிலோ அளவில் சாணி சேரும், தென்னைக்கு அதைவிட நல்ல பசளை வேண்டியதில்லை.

கிணற்றுத் தண்ணீரை ஆவணியில் குடித்துப் பாருங்கள். வாவிக்குக் கிட்டிய கிணறுகள் கோடையில் சவராகிவிடும், சவர்த் தண்ணீரைக் குதிரை போதிய அளவு குடிக்காது, தண்ணீர் குறைந்தால் அதற்கு வயிற்றுக்குத்து வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது, தின்றது உள்ளே அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. 300 கிலோ குதிரைக்கு வெயில் காலத்தில் நாளுக்கு 30 லீற்றர் என்று கணக்கு வையுங்கள், வெட்டின பச்சைப் புல் 25 முதல் 30 கிலோ. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வளவில் ஒரு புல் பச்சையாக இருக்காது, ஆகவே தண்ணீர் கட்டி வளர்க்கிற புல்லுப் பாத்தி இல்லாமல் குதிரை வேண்டாம்.

பின் காணியின் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சொந்தக் காணி உறுதியா, அரசாங்கம் கொடுத்த பெர்மிட்டா? 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் என்றால், பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அதை விற்கவோ கைமாற்றவோ முடியாது. அப்பா உயிரோடு இருக்கும்போதே, அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதிந்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போட்டுச் சகோதரங்கள் முகம் பாராமல் போன வீடுகளை நிறையக் கண்டிருக்கிறேன். கணவர் எல்லாவற்றையும் விற்போம் என்று சொல்வது அந்த மூன்று ஏக்கருக்குப் பொருந்தாமலே போகலாம்.

மகளைப் பற்றி ஒன்று. அவளுக்குப் பன்னிரண்டு, குதிரை 25, 30 வருடம் வாழும். அவள் படிக்கப் போகிற வயதில் குதிரை நடுவயதில் நிற்கும். அப்போது காலையில் தண்ணீர் வைப்பது யார், ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருக்கால் குளம்பு வெட்டுவிப்பது யார்? அந்த ஆள் நீங்கள்தான் என்றால், உங்களுக்கு அதில் விருப்பம் இருக்கிறதா என்று இப்போதே உங்களையே கேளுங்கள். ஒற்றைக் குதிரையாக வாங்கவும் கூடாது, அது கூட்டத்தில் வாழ்கிற சீவன், தனியே விட்டால் ஏங்கிப்போகும். நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்துவிட்டு அவை தாமாகவே வாழ்கின்றனவே என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே வரட்சியில் தண்ணீர் இல்லாமல் அவை செத்து விழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்தக் கோடையில் கூரையைத் திருத்திக் குடிபோவேன். ஒரு மாரி முழுக்க அங்கே இருந்து, தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று மகளைக் கொண்டே தடி நட்டு அடையாளம் போடுவிப்பேன். புல்லு நடுவேன். தை மாதம் தண்ணீர் வடிந்த பிறகு குதிரையைப் பற்றிப் பேசுவேன், முதல் இல்லை.

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் சுண்ணாம்புச் சுவர் பொரிந்து உதிர்கிறது. மேசன் முழுவதும் சீமெந்து பூசிவிடலாம் என்கிறார். (வாசகர், ஆரையம்பதி)

பதில்: வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடுகிற சுவர். மேலே சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும், இரண்டு மூன்று மாரியில் பூச்சு பாளமாகக் கழன்று விழும், கூடவே பழைய கல்லின் முகத்தையும் கொண்டுபோகும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் உடைந்த ஓடு, அல்லது அத்திவாரத்தோடு ஒட்டிக் குவிந்த மண். அதைச் சரிப்படுத்திவிட்டு மணலும் சுண்ணாம்பும் சேர்த்த சாந்தையே பூசுங்கள். பிளாஸ்டிக் பெயின்றும் கூடாது, வெள்ளையடித்தால் போதும்.

கேள்வி: நுவரெலியாவில் இருந்து குதிரை ஒன்று வாங்கி வந்து பத்து மாதம். மாட்டுக்குப் போடுவது போலவே வைக்கோலும் தவிடும் போடுகிறேன், பின்னேரம் கினிப்புல். இப்போது முகத்தில் இரண்டு பக்கமும் எலும்பு வீங்கின மாதிரி இருக்கிறது, நடையும் ஒரு மாதிரி. பல்லு வருத்தமா? (தம்பி ஒருவர், வாழைச்சேனை)

பதில்: தம்பி, இதை வாசித்தவுடன் அரச கால்நடை வைத்தியரிடம் போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். பல்லாகவும் இருக்கலாம், ஆனால் நீங்கள் சொன்ன தீனியைப் பார்த்தால் எனக்கு வேறு பயம். அரிசித் தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். கினிப்புல்லில் ஒட்சலேற்று இருக்கிறது, அது இருக்கிற கொஞ்சக் கல்சியத்தையும் உடம்பில் சேர விடாமல் கட்டிவிடும். மாட்டின் வயிற்றுக் கிருமிகள் ஒட்சலேற்றில் பெரும்பகுதியை உடைத்துவிடுவதால் மாட்டுக்கு ஒன்றும் தெரியாது. குதிரைக்கு அசைபோடுகிற வயிறு இல்லை. கல்சியம் போதாமல் போனதும் உடம்பு எலும்பில் இருந்து எடுக்கும், முக எலும்பு நார் போலாகி வீங்கும், நடை நொண்டும். நேரத்தோடு பிடித்தால் நொண்டல் சில மாதத்தில் தெளிய இடமுண்டு, முக வீக்கம் முழுதாக வடிவது அரிது.

தவிட்டை இன்றே நிறுத்துங்கள். கல்சியம் எவ்வளவு என்பதை வைத்தியர் நிறை பார்த்துச் சொல்லட்டும். பூஞ்சணம் பிடிக்காத காய்ந்த கச்சான் (நிலக்கடலை) கொடி கிடைத்தால் நல்லது, அதில் கல்சியம் உண்டு. வைக்கோலை முழுத் தீனியாகப் போடாதீர்கள், சத்தும் இல்லை, குடலில் அடைக்கவும் செய்யும். இன்னொன்று, கோழித் தீனி மீந்துவிட்டது என்று ஒருநாளும் குதிரைக்கு வைத்துவிடாதீர்கள். கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமல் சில தீனிகளில் மொனென்சின் என்ற மருந்து சேர்ப்பார்கள், கோழியைக் காக்கிற அந்த அளவு குதிரையின் இருதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். போகிற கையோடு ஏற்பு (டெற்றனஸ்) ஊசியையும் கேட்டுப் போடுவியுங்கள். குதிரைக்கு ஏற்பு மிகச் சுலபமாக வரும், ஒரு துருப்பிடித்த ஆணி போதும்.

கேள்வி: தம்பிலுவில் பக்கம் பழைய வீட்டோடு நாலு ஏக்கர் விலைக்கு வருகிறது. ஏழு சகோதரங்கள், இரண்டு பேர் வெளிநாட்டில். மூத்தவர் தன் பங்கைத் தருகிறேன், மற்றவர்கள் பிறகு எழுதுவார்கள் என்கிறார். அட்வான்ஸ் கொடுத்து வெள்ளைக் கடதாசியில் எழுதலாமா? (வாசகர், கல்முனை)

பதில்: கொடுக்காதீர்கள். பிரிக்காத காணியில் அவர் விற்கக்கூடியது ஏழில் ஒரு பங்கு மட்டும், அதுவும் எந்த மூலை என்று காட்ட முடியாத பங்கு. பிறகு நீங்கள் கூரை திருத்தினாலும் கொட்டில் போட்டாலும் மற்ற ஆறு பேரும் கேள்வி கேட்கலாம். மனம் ஒத்துவராவிட்டால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்குபிரிப்புச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டிவரும், அது வருடக்கணக்கில் இழுபடும். வெள்ளைக் கடதாசிக்குப் பெறுமதி இல்லை. காணி விற்பனை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால்தான் நடக்க வேண்டும், 1840 இல் இருந்து அதுதான் சட்டம். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தங்களுக்காகக் கையெழுத்திட இங்கே ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கிற அற்றோணித் தத்துவம் அனுப்பட்டும், ஏழு பேரும் ஒரே உறுதியில் கையெழுத்திடட்டும், அதற்கு முன் காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குத் தேடிப் பாருங்கள். மூத்தவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் மற்ற ஆறு பேருக்காக அவரால் வாக்குக் கொடுக்க முடியாது.

கேள்வி: குதிரைக்கு இருக்கிற வேலி போதுமா? முள்கம்பி, இடையில் கிளிசரியாவும் அலரியும் நட்டிருக்கிறது. (வாசகி, வெல்லாவெளி)

பதில்: மூன்றுமே ஆகாது தங்கச்சி. குதிரை மிரண்டால் பார்க்காமல் ஓடும், உங்கள் பக்கம் இரவில் யானை வருகிற இடம், கட்டாயம் மிரளும், முள்கம்பி அதன் நெஞ்சையும் காலையும் கிழித்துவிடும். தென்னங்குற்றி நட்டுப் பனஞ்சலாகையைக் குறுக்கே மூன்று வரிசை அடியுங்கள், நாலரை அடி உயரம் போதும். ஆடு மாட்டுக்குக் கிளிசரியாக் குழை நல்ல தீனி, குதிரைக்கு அது நஞ்சு. இப்பில் இப்பிலும் வேண்டாம், பிடரி மயிரும் வாலும் உதிரும். அலரிதான் எல்லாவற்றிலும் மோசம், ஒரு பிடி இலை போதும். குதிரை வருவதற்கு முன்பே வேரோடு கிண்டி எடுத்து ஆழமாகப் புதையுங்கள். வெட்டின கொப்பை வேலி ஓரம் போட்டுவிட்டு வராதீர்கள், காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது, சருகைக் குதிரை பச்சை இலையைவிட விரும்பித் தின்னும்.