இரண்டு வருடம் போதுமா?

கேள்வி: எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கியிருக்கிறார்கள். பதவிக்காலம் இரண்டே வருடம். தையல் வேலை, வீட்டு வேலை போக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் மிஞ்சுகிறது. செய்ய நினைக்கும் 11 காரியங்களை எழுதி அனுப்பியிருக்கிறேன். நானும் நாலு விஷயம் கற்று வளர வேண்டும். நேரத்தை எப்படிப் பிரிப்பது?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நேரத்தைப் பிரிக்காதீர்கள், பட்டியலை வெட்டுங்கள். 11-ல் ஆறு, விழாவும் பேனரும் பரிசும்தான். நீங்கள் இல்லாவிட்டாலும் அவை நடக்கும்.

அண்ணா முதலமைச்சராக இருந்தது 1967 மார்ச் 6 முதல் 1969 பிப்ரவரி 3 வரை. இரண்டு வருடம்கூட முழுதாக இல்லை. அதிலும் கடைசி மாதங்களைப் புற்றுநோய் எடுத்துக்கொண்டது. ஆனால் பதவியேற்ற ஐந்தாவது மாதத்திலேயே, ஜூலை 18 அன்று, தமிழ்நாடு என்ற பெயருக்கான தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. பிறகு நாடாளுமன்றம் சட்டமியற்றி, பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அவர் மறைவதற்கு இருபது நாள் முன்பு! நாலு மாதம் தள்ளித் தொடங்கியிருந்தால் அவர் அதைப் பார்த்திருப்பாரா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பல கைகள் மாறி, மெதுவாக நகரக்கூடிய காரியத்தை முதலில் கிளப்பிவிட்டார்.

சுயமரியாதைத் திருமணச் சட்டமும் அந்த முதல் வருடத்தில் வந்ததுதான். அதற்கு முன் நடந்த திருமணங்களுக்கும் அது பொருந்தியது. எத்தனையோ வருடம் முன்பு புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட ஒரு பெண், அன்றுதான் சட்டத்தின் கண்ணில் மனைவியானாள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது மட்டும் ஒரு படியாகி, சென்னை, கோவையோடு நின்றது. கஜானா இடம் கொடுக்கவில்லை. மக்களிடம் சொன்ன வாக்கைச் சுருக்குவது அவருக்கு வலித்திருக்கும். ஆனாலும் மற்ற வேலைகளை அதற்காக நிறுத்தவில்லை.

உங்கள் பட்டியலில் மெதுவாக நகரக்கூடியது எது? சுற்றுச்சுவரும் காலியாக இருக்கும் கணக்கு ஆசிரியர் பணியிடமும். இரண்டும் ஒன்பதாவது, பத்தாவது இடத்தில் கிடக்கின்றன. அவற்றை மேலே கொண்டு வாருங்கள். மனு இந்த மாதமே போகட்டும்.

அப்புறம், வளர்வது பற்றி. அதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் தேடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21, 22-ஆம் பிரிவுகளைப் படியுங்கள், ஒரு மாலை போதும். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைக் குழுதான் தயாரிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தலைமை ஆசிரியர் எழுதிவைத்த தீர்மானத்தில் கையெழுத்து மட்டும் போட்டு வருவதாகக் கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டை வாங்கி நீங்களே எழுதுங்கள். முதல் தடவை கை நடுங்கும், பிழை வரும், சரி, அடித்துவிட்டு எழுதுங்கள். மனுவின் நகலையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து வட்டாரக் கல்வி அலுவலகத்தில் போய் நிற்கும்போது, என்ன எழுதினோம் என்று வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.