ஊரே நம்புவதை அம்மா நம்பினால் மட்டும் நோயா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பக்கத்து வீட்டுக்காரர் கூடோத்திரம் (செய்வினை) செய்து, தென்னை மூட்டில் மந்திரத் தகடு புதைத்திருக்கிறார் என்று ஆறு மாதமாகச் சொல்கிறார். அவரோடு வேலித் தகராறு இருப்பது உண்மைதான். மனநல மருத்துவர் ஐந்தே நிமிடத்தில் ‘டெலூஷன்’ (நோயால் வரும் நம்பிக்கை) என்று மாத்திரை எழுதிவிட்டார். எங்கள் ஊரில் பாதிப் பேர் கூடோத்திரத்தை நம்புகிறார்கள். அம்மா மட்டும் எப்படி நோயாளி? - வாசகி, கருங்கல்

பதில்: நியாயமான கேள்வி. எது டெலூஷன் என்பதில் மனநல மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் ஓயவில்லை. அசைக்க முடியாத உறுதி, எதைச் சொன்னாலும் மாறாமை, நடக்கவே முடியாத விஷயம் என்று 1913-ல் ஜெர்மன் மனநல மருத்துவர் கார்ல் யாஸ்பர்ஸ் மூன்று அடையாளம் சொன்னார். மூன்றாவது அடையாளம் நிற்காது. மனைவியைச் சந்தேகித்தே நோயாளி ஆனவரின் மனைவிக்கு நிஜமாகவே வேறு தொடர்பு இருக்கலாம், அப்போதும் அவர் அந்த முடிவுக்கு வந்த விதம் நோயாக இருக்க முடியும். அமெரிக்க மனநலக் கையேடு 1994-ல் ‘பொய்யான நம்பிக்கை’ என்றது, அவரவர் சமூகம் பொதுவாக ஏற்பதை விட்டுவிடு என்றும் சேர்த்தது. 2013 பதிப்பின் முக்கிய விளக்கத்தில் ‘பொய்’ போய், எதிரான ஆதாரம் காட்டினாலும் மாறாத நம்பிக்கை என்று ஆனது. அப்படிப் பார்த்தால் கட்சி விஷயத்தில் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?

அதனால் கூடோத்திரத்தை நம்புவது மட்டும் நோய் இல்லை. அதை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யவும் கூடாது. ஆனால் ஊர் நம்பிக்கைதானே என்று நீங்களும் விட்டுவிடாதீர்கள், அதிலும் ஆபத்து இருக்கிறது. கூடோத்திரத்தை நம்பும் சொந்தக்காரர்களே அம்மா பேச்சைக் கேட்டு ‘இது வேற மாதிரி இருக்கே’ என்கிறார்களா? மற்றவர்கள் கோயிலுக்குப் போய் ஒரு பரிகாரம் செய்தால் மனம் ஆறிவிடும், அம்மாவுக்கு ஆறுகிறதா, இல்லை தகட்டில் தொடங்கியது தண்ணீர்த் தொட்டி, டிவி, தெருவில் போகிற பைக் ஹாரன் என்று பரவுகிறதா? தூக்கம், சாப்பாடு, குளியல் எப்படி? நான் பார்ப்பது இவற்றைத்தான்.

அப்புறம், 61 வயதில் இது முதல்முறையாக வந்தால் உடம்பையும் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு, பி12, காது கேட்கும் திறன், ஞாபக சக்தி, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள் (ஸ்டீராய்டு, பார்க்கின்சன் மாத்திரைகள் முக்கியமாக), தேவைப்பட்டால் தலை ஸ்கேன். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வீட்டில் தர்க்கம் பண்ணாதீர்கள். தென்னை மூட்டைத் தோண்டிக் காட்டினால் தகடு வேறு இடத்துக்குப் போய்விட்டது என்பார். ‘ஆமாம், அவன்தான் செய்தான்’ என்று ஒத்தும் ஊதாதீர்கள். ‘பயமா இருக்கு, தூக்கம் இல்ல, அதைச் சரி பண்ணுவோம்மா’ என்று சொல்லுங்கள். வேலித் தகராறு நிஜம், அதைத் தாலுகா சர்வேயரை வைத்து அளந்து தனியாகத் தீருங்கள்.

விஷம் வைத்திருக்கிறார்கள் என்று சாப்பாட்டை ஒதுக்கினாலோ, சாகப்போகிறேன் என்று பேசினாலோ, பக்கத்து வீட்டுக்கு வெட்டுக்கத்தியோடு கிளம்பினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நடுராத்திரி யோசனை கேட்க 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.