ரிப்பீட்டரில் ஆம்ப்ளிஃபயரை மாட்டலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கேட், எடைமேடை, கிடங்கு என்று எல்லா இடத்திலும் வாக்கி டாக்கி உண்டு. ஒரு செட்டின் பேச்சை வாங்கி மற்ற செட்களுக்குத் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரும் உரிமத்தோடு சொந்தமாக இருக்கிறது. சீசனில் லாரிகள் ரோடு வரை நிற்கும். வாக்கி டாக்கியில் பேசுவது கேட்டில் உள்ள ஹாரன் ஸ்பீக்கரிலும் வர வேண்டும். ஆபீஸ் மைக்கில் பேசினால் எல்லா செட்டிலும் கேட்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரை ரிப்பீட்டரின் பின்பக்கம் நேராக மாட்டிவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். செட் விற்ற கடைக்காரர் இரண்டுக்கும் நடுவில் வைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்கச் சொல்கிறார். எது சரி?

பதில்: ரிப்பீட்டரில் கையே வைக்காதீர்கள். வண்டியில் பொருத்துகிற வயர்லெஸ் மொபைல் செட் (செல்போன் அல்ல) ஒன்றை வாங்கி, உங்கள் சேனலைப் போட்டு, 12 வோல்ட் பவர் சப்ளையோடு ஆபீஸில் வையுங்கள். ஆம்ப்ளிஃபயரை அதில் இணையுங்கள். ஆலையின் பேச்சு முழுவதும் ஓடுவது ரிப்பீட்டர் வழியாகத்தான். அங்கே ஒரு ஒயர் உரசி டிரான்ஸ்மிட்டர் ஆனிலேயே நின்றுவிட்டால், லாரி வரிசை நிற்கிற நேரத்தில் ஒருவரும் பேச முடியாது. மொபைல் செட்டிலும் அப்படி ஆகலாம், ஆனால் மேஜை மேல் இருக்கிற செட்டை ஒரே சுவிட்சில் அணைத்துவிடலாம். உங்களுடையது டிஜிட்டல் ரிப்பீட்டர் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. பொதுவாக அது குரலைக் குறியீடாகவே வாங்கிக் குறியீடாகவே அனுப்பிவிடுகிறது. அதைத் திரும்பக் குரலாக்குவது செட்தான். அதனால் பின்பக்க சாக்கெட்டில் ஆம்ப்ளிஃபயரை மாட்டினாலும் டிஜிட்டல் பேச்சு வராமலே போகலாம்.

இணைக்கும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஸ்பீக்கர் ஒயர். பல மொபைல் செட்களில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரிலுமே சிக்னல் ஓடும், எதுவும் எர்த் கிடையாது. அதில் ஒன்றை ஆம்ப்ளிஃபயரின் ஷீல்டு ஒயரோடு சேர்த்தால் செட்டின் ஆடியோ ஐசி போய்விடும். எலெக்ட்ரீஷியனிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடுக்க வேண்டியது பின்பக்க ஆக்சஸரி சாக்கெட்டில் இருக்கும் ரிசீவ் ஆடியோ பின், அதாவது செட் வாங்கிய பேச்சு வெளியே வரும் பின். யாராவது செட்டின் வால்யூமைத் திருகினாலும் அதில் அளவு மாறாது. எந்தப் பின் எது என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், உங்கள் மாடலின் பின் வரைபடத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

மைக் குரல் செட்டுக்குள் போகிற பக்கத்தில் அளவுதான் பிரச்சினை. ஆம்ப்ளிஃபயரின் லைன் அவுட்டில் 1 வோல்ட் வரை வரும். செட் எதிர்பார்ப்பதோ பெரும்பாலும் 100 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. நேராகக் கொடுத்தால் குரல் கிழிந்து, ஒரு வார்த்தையும் புரியாது. தொடராக 10 கிலோ ஓம், எர்த்துக்கு 1 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டால் அளவு பதினொன்றில் ஒரு பங்காகும். கடைசிச் சரிக்கட்டலுக்கு, திருகி அளவு மாற்றும் சின்ன ரெசிஸ்டரான பிரீசெட் ஒன்று போதும். அப்புறம், ஆம்ப்ளிஃபயரும் செட்டும் வேறு வேறு எர்த்தில் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ம்ம்ம் என்று பின்னால் ஓடும். 600க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்பார்மரை செட்டிலிருந்து வரும் வழி, செட்டுக்குப் போகும் வழி இரண்டிலும் ஒவ்வொன்று போட்டால் அது அடங்கும். கடைக்காரர் சொல்லும் பெட்டிகள் பலவற்றின் உள்ளேயும் இருப்பது ஏறத்தாழ இவ்வளவுதான். சால்டரிங் தெரிந்த ஆள் இருந்தால் பெட்டி தேவையில்லை. ஆள் இல்லையென்றால் வாங்குங்கள், ஆனால் உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா என்று கேட்டு, உங்கள் செட்டிலேயே மாட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

பேச்சைக் கேட்டுத் தானாக டிரான்ஸ்மிட் ஆகும் வாக்ஸ் வசதியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முதல் எழுத்தை விழுங்கிவிடும், ஹாரன் சத்தத்துக்கே செட் ஆன் ஆகும். மைக் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்து, அழுத்தினால் செட்டின் பிடிடி (பேசுவதற்கு அழுத்தும் பட்டன்) ஆன் ஆகிற மாதிரி செய்வதே நல்லது. தொடர்ந்து டிரான்ஸ்மிட் ஆனால் தானாக நிறுத்தும் டைம் அவுட்டை 60 விநாடிக்கு புரோகிராம் செய்து வாங்குங்கள். மொபைல் செட் இடைவிடாமல் டிரான்ஸ்மிட் செய்யத் தாங்காது, அதனால் பாட்டு, விளம்பரம் எதுவும் வேண்டாம். உரிமமும் ஆலை வேலைக்கான பேச்சுக்குத்தான்.

ஹாரனுக்குக் கீழே நின்று வாட்ச்மேன் வாக்கி டாக்கியில் பேசினால், அவர் குரலே ஹாரனில் வந்து, மறுபடி அவர் மைக்கில் ஏறி, வீல் என்று அலறும். ஹாரனை ரோட்டைப் பார்த்துத் திருப்பி, வாட்ச்மேன் நிற்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

கூடுதல் செட் என்பதால் உரிமத்தில் எத்தனை செட் குறிப்பிட்டிருக்கிறது என்று பாருங்கள். எண்ணிக்கை போதவில்லை என்றால் வயர்லெஸ் உரிமங்களைக் கவனிக்கும் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் சேர்த்த பிறகே வாங்குங்கள். மாடல் எண், சீரியல் எண்ணோடு பில் வாங்குங்கள்.

கேள்வி: தர்மபுரியில் இருக்கிறேன். மொபைல் செட்டின் பின்பக்கத்துக்கு 16 பின் கேபிள் என்று ஆன்லைனில் படம் பார்த்து வாங்கினேன். வந்தது வேறு கேபிள். விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார். லேசாக அழுத்தினால் உள்ளே போகிறது, பயன்படுத்தலாமா?

பதில்: அழுத்தவே அழுத்தாதீர்கள். ஆக்சஸரி சாக்கெட்டில் பேட்டரி வோல்டேஜ் வரும் பின்னும் இருக்கும். அது ஆடியோ லைனில் பட்டால் செட்டும் போகும், ஆம்ப்ளிஃபயரும் போகும்.

விற்பனைப் பக்கத்தில் சொன்னதற்கு மாறான பொருள் வந்தால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், வந்த கேபிளின் படம், பில் மூன்றையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.