ஏர்கோன் அறையில் செடி ஏன் அழுகுகிறது?

கேள்வி: எஸ்டேட் ஆபீஸில் கிராணியாக இருக்கிறேன். ஆறு பேர், நாள் முழுக்க ஏர்கோன். காற்று சுத்தமாகும் என்று ஆளுக்கொரு மணி பிளாண்ட் வைத்தோம். சிலது தொட்டியில், சிலது போத்தல் தண்ணீரில். இரண்டே மாதத்தில் தொட்டிச் செடிகள் மஞ்சளாகி அழுகிவிட்டன. கொசு வரும், எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள் என்கிறார் மானேஜர். என்ன செய்வது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மானேஜர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, சகோதரி. முதலில் காற்று விஷயம். இந்தப் பேச்சு 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. அது மூடிய பெட்டிக்குள் நடந்த சோதனை. ஆபீஸ் கதவோ ஓயாமல் திறந்து மூடுகிறது. பழைய ஆய்வுகளைத் திரட்டி 2019-ல் கணக்குப் போட்டவர்கள், சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும் என்றார்கள். 40 சதுர மீட்டர் அறைக்கு 400 தொட்டி. அப்புறம் ஆள் வருகை பதியும் செக்ரோல் புத்தகத்தை எங்கே வைப்பது? காற்றுக்கு ஏர்கோன் ஃபில்டரைக் கழுவுங்கள், மதியத்தில் ஜன்னலைத் திறங்கள்.

செடியின் பலன் கண்ணுக்கும் மனசுக்கும்தான். பிரிட்டன், நெதர்லாந்து அலுவலகங்களில் நடந்த 2014 ஆய்வில், வெறுமையாக இருந்த இடத்தில் செடி வைத்தபின் ஊழியர்களின் திருப்தியும் கவனமும் கூடின. ஆகவே உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியும்படி வையுங்கள். அலமாரிக்குப் பின்னால் வைத்த செடி யாருக்கு?

அழுகலுக்கு வருவோம். ஏர்கோன் காற்றில் மேல்மண் சீக்கிரம் காயும். ஆனால் குளிரிலும் மங்கல் வெளிச்சத்திலும் செடி மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். மேலே காய்ந்ததைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு குவளை ஊற்றியிருப்பீர்கள். அடிமண் சேறாகி வேருக்கு மூச்சு முட்டியிருக்கும். தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். நல்ல வேர் வெளுத்து விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இழுத்தால் பழுப்புத் தோல் உருவிக்கொண்டு வர, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். பச்சைத் தண்டு மிச்சமிருந்தால் இரண்டு கணு இருக்கும்படி நறுக்கி நடுங்கள், பிழைக்கும்.

மண்ணுக்குத் தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, கறுப்பு மண் ஒரு பங்கு, கரடுமணல் ஒரு பங்கு. அடியில் ஓட்டையுள்ள 15 செ.மீ. தொட்டி போதும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் மட்டும் வடியும்வரை ஊற்றுங்கள். அரை மணி கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும். மணி பிளாண்டை ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டருக்குள், ஏர்கோன் நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். இருண்ட மூலைக்கு லிடா ஜின் பொருந்தும். நம் மருள் இனம்தான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும்.

மானேஜரின் நியாயம் போத்தலில் இருக்கிறது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே, போத்தலின் உட்சுவரில் கறுப்புப் புள்ளியாக முட்டையை ஒட்டும். அது காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்து, ஏழெட்டு நாளில் கொசுவாகப் பறக்கும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, வாரந்தோறும் உட்சுவரைப் பிரஷால் தேய்க்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் போத்தல் செடிகளையும் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், நான் சொல்வது அதைத்தான். ஆபீஸில் கொசுப்புழு சிக்கினால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் மலேசியாவின் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த இடத்தை வைத்திருப்பவர்தான் பதில் சொல்லவேண்டும். மானேஜரின் பயம் வீண் இல்லை.

தொட்டி மண்ணில் மொய்க்கும் பொடிக் கறுப்பு ஈ கொசு அல்ல. மேல்மண்ணை 3 செ.மீ. காயவிட்டால் குறைந்துவிடும். பள்ளி விட்டு ஆபீஸுக்கு வரும் பிள்ளைகள் இருந்தால் தொட்டிகளை எட்டாத உயரத்தில் வையுங்கள். மணி பிளாண்ட் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்.