அந்த 20 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், கீமோ நடக்கிறது. தினம் 20 மி.கி. மெலடோனின் (இரவில் உடம்பே சுரக்கும் தூக்க ஹார்மோன், மாத்திரையாகவும் கிடைக்கும்) கொடுத்தால் ஆயுள் கூடும் என்று இத்தாலி டாக்டர் ஒருவர் நிரூபித்திருப்பதாக உறவினர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஆயுளுக்காக என்றால் வேண்டாம். உறவினர் சொல்வது பாவ்லோ லிசோனியின் ஆய்வுகளை. மிலானுக்குப் பக்கத்தில் மோன்சா நகரின் சான் ஜெரார்டோ மருத்துவமனையில் அவர் வரிசையாகச் செய்தவை அவை. மாலையில் 20 மி.கி. என்ற கணக்கு அங்கேதான் ஊன்றியது. 2003இல் வெளியான ஆய்வில் நுரையீரல் புற்று பரவிவிட்ட 100 பேர். எல்லோருக்கும் சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும் கீமோவாகக் கொடுத்தார்கள். 49 பேருக்கு மட்டும் கூடவே மெலடோனின். கீமோ மட்டும் பெற்றவர்களில் 2 ஆண்டைத் தாண்டியவர் யாருமில்லை. மெலடோனின் பெற்றவர்களில் 3 பேர் 5 ஆண்டுக்குப் பிறகும் இருந்தார்கள்.

கோளாறு எங்கே? அந்த ஆய்வுகளில் போலி மாத்திரை (பார்க்க அதேபோல் இருக்கும், உள்ளே மருந்து இருக்காது) கிடையாது. யார் மெலடோனின் சாப்பிடுகிறார் என்பது டாக்டருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். மரணத்தை யாரும் திரித்து எழுத முடியாதே என்று தோன்றும். ஆனால் கீமோ அளவை எப்போது குறைப்பது, எந்த வாரம் நிறுத்துவது என்பதெல்லாம் டாக்டரின் முடிவு. நம்பிக்கை அங்கே புகுந்துவிடும். 2005இல் 10 ஆய்வுகளை, 643 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக வந்தது. ஆனால் பத்தும் ஒரே ஆய்வாளர் வட்டத்தில் செய்தவை, யாருக்கு மெலடோனின் என்பதைப் பத்திலும் மறைக்கவில்லை. ஒரே தராசில் பத்து முறை நிறுத்தால் தராசின் கோளாறு போய்விடாது.

பிறகு போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்தார்கள். கனடாவில் நுரையீரல் புற்றை அறுவை செய்து நீக்கிய 709 பேருக்கு ஓராண்டு முழுக்க 20 மி.கி. அல்லது போலி மாத்திரை. 2021இல் முடிவு வந்தது: 2 ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம். 5 ஆண்டுக் கணக்கில் முற்றிய நிலையினருக்கு மட்டும் கொஞ்சம் சாதகம் தெரிந்தது. இப்படி உட்பிரிவில் தெரிவதைத் தனியாக ஆராய்ந்து பார்க்கலாம். அதை வைத்து மருந்துச்சீட்டு எழுதக்கூடாது. அமெரிக்காவில் உடல் மெலிவுக்குக் கொடுத்த ஆய்வைப் பலன் வராது என்று இடையிலேயே நிறுத்திவிட்டார்கள் (2013). டென்மார்க்கில் சோர்வுக்குக் கொடுத்தும் பலனில்லை (2015).

கேள்வி: அப்படியானால் மெலடோனினுக்கும் புற்றுக்கும் சம்பந்தமே இல்லையா?

பதில்: சம்பந்தம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் பிளாஸ்க் குழு 2005இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். பெண்களிடம் பகலில், நள்ளிரவு இருட்டில், இரவில் 90 நிமிடம் பளிச்சென்ற வெளிச்சத்தில் இருத்திய பிறகு என மூன்று முறை இரத்தம் எடுத்தார்கள். எலிகளில் வளர்த்த மனித மார்பகப் புற்றுக் கட்டிக்குள் அதைச் செலுத்தினார்கள். இருட்டில் எடுத்த இரத்தம் கட்டியின் வேகத்தை அடக்கியது. வெளிச்சத்துக்குப் பிறகு எடுத்தது அடக்கவில்லை. அழகான சோதனை. ஆனால் அது பேசுவது உடம்பு தானே இரவில் சுரக்கும் துளி அளவைப் பற்றி, 20 மி.கி. மாத்திரையைப் பற்றியல்ல.

கேள்வி: அப்பாவுக்குக் கீமோ நாட்களில் தூக்கமே இல்லை. 3 மி.கி. போடலாமா?

பதில்: முதலில் டெக்ஸாமெத்தசோனைப் பாருங்கள். வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் அந்த ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். இரவு வேளை மாத்திரையைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்; பல வீடுகளில் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால், அவர் அனுமதித்த அளவை, படுப்பதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன் கொடுக்கலாம். மெலடோனின் அரைமணி, முக்கால் மணிக்குள் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் நடுராத்திரி விழித்ததும் இன்னொன்று போடத் தோன்றும். போடாதீர்கள், காலையில் தள்ளாடும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கட்டாயம் சொல்ல வேண்டும், இரத்தக்கசிவு அபாயம் உண்டு. மனநலத்துக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸமைன் என்ற மருந்து மெலடோனினை உடைக்கும் கல்லீரல் நொதியைத் தடுப்பதால் அதன் அளவு பல மடங்கு ஏறும். வலிக்கு மார்ஃபின் போகிறதென்றால் மயக்கம் கூடும்.

டப்பா எழுத்தையும் முழுக்க நம்ப முடியாது. கனடாவில் 2017இல் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 1.5 மி.கி. என்று அச்சிட்ட ஒரு மென்று தின்னும் வகையில் கிட்டத்தட்ட 9 மி.கி. இருந்தது. அட்டையையோ டப்பாவையோ தூக்கிப் போடாமல் அடுத்த கீமோவுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.