பாலம் அமைத்ததும் இணைப்பு அறுந்தது ஏன்?

கேள்வி: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள எங்கள் அலுவலகத்தில், உபுண்டு (லினக்ஸ்) கணினி ஒன்றில், கணினிக்குள் மென்பொருளாலான இன்னொரு கணினியை இயக்க உதவும் கேவிஎம் கொண்டு மெய்நிகர் கணினி ஒன்றை இயக்கி, கணக்குக் கோப்புகளை அதில் வைத்திருக்கிறேன். அதிலிருந்து இணையத்துக்குச் செல்ல முடிகிறது. ஆனால் அலுவலகத்தின் மற்றக் கணினிகளால் அதை அணுக முடியவில்லை. நெட்வொர்க் பாலம் (bridge) அமைக்கச் சொன்னார்கள். வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் முறை) வழியாக அமைத்தபோது உபுண்டு கணினியின் தொடர்பே போய்விட்டது. வீட்டு மடிக்கணினியில் வைஃபையோடு முயன்றும் பலனில்லை. என்ன செய்வது?
— வாசகர், பினாங்கு

பதில்: மெய்நிகர் கணினியின் ஐபி முகவரி 192.168.122 என்று தொடங்குகிறதா என முதலில் பாருங்கள். தொடங்கினால், மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் மென்பொருள் தானாக அமைத்துத் தரும் உள்வலையில்தான் அது இன்னும் இருக்கிறது. அங்கிருந்து வெளியே போகும் தரவுக்கு உபுண்டு கணினி தன் முகவரியை இட்டு அனுப்புவதால் இணையம் கிடைக்கிறது; அலுவலகக் கணினிகளுக்கோ அந்த உள்வலைக்குப் போகும் வழி தெரியாது.

பாலம் என்பது உபுண்டுவுக்குள் மென்பொருளாக இயங்கும், கணினிகளை ஒரே வலையில் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்தான். நெட்வொர்க் கார்டு அதன் உறுப்பாகிவிட்டால், அதுவரை கார்டு வைத்திருந்த ஐபி முகவரியும் நுழைவாயில் (வெளி வலைக்குச் செல்லும் வழி) அமைப்பும் பாலத்துக்கு மாற வேண்டும். முகவரி கார்டிலேயே தங்கிவிட்டால் தொடர்பு அறுந்துபோகும். உங்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை எழுதும் நெட்பிளான் கோப்பில் கார்டுக்கு டிஎச்சிபியை (ஐபி முகவரியைத் தானாகப் பெறும் முறை) நிறுத்திவிட்டு, புதிய பாலத்தின் உறுப்பாகக் கார்டின் பெயரை எழுதி, டிஎச்சிபியைப் பாலத்துக்குக் கொடுங்கள். பாலத்தின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கார்டினுடையதிலிருந்து வேறுபடலாம் என்பதால், ரௌட்டரில் அந்தக் கணினிக்கென ஒதுக்கிய முகவரி கைமாறிப் போகாதிருக்க, கார்டின் மேக் முகவரியையே பாலத்துக்கும் எழுதிவிடுவது நல்லது.

நெட்பிளானின் 'ட்ரை' கட்டளை, நீங்கள் 120 வினாடிக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். ஆனால் பாலத்துக்கென்று தனி அளவுருக்களை எழுதியிருந்தால் அவற்றை அதனால் மீட்க இயலாது. ஆகவே இந்த வேலையை வீட்டிலிருந்து செய்யாமல், அலுவலகத்தில் அந்தக் கணினியின் திரைக்கு முன் அமர்ந்தே செய்யுங்கள்.

பாலம் நிலைத்ததும் மெய்நிகர் கணினியை அதில் இணைக்க இரண்டு வழிகள் உண்டு. லிப்வர்ட்டின் கட்டளைக் கருவியான விர்ஷின் இணைப்புக் கட்டளை புதிய கார்டு ஒன்றைச் சேர்த்துவிடும்; ஆனால் மெய்நிகர் கணினிக்குள் அந்தக் கார்டுக்கு எந்த அமைப்பும் இல்லாததால், அதற்கு முகவரி பெறும் வழியை நீங்களே எழுத வேண்டியிருக்கும். நான் பரிந்துரைப்பது மற்றொன்று: மெய்நிகர் கணினியின் விவரக் கோப்பைத் திறந்து, இருக்கும் கார்டின் வகையைப் பாலம் என்று மாற்றி, மேக் முகவரியைத் தொடாமல் விடுங்கள். அதன்பின் மெய்நிகர் கணினியை முழுமையாக நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டும். உள்ளிருந்தபடி மறுதொடக்கம் செய்தால் மாற்றம் நடைமுறைக்கு வராது. பலர் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து, சரியாக இருக்கும் கோப்பை மறுபடியும் திருத்தத் தொடங்குகிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தரவு கடக்கவில்லை என்றால், அதே உபுண்டு கணினியில் டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டகங்களில் இயக்கும் மென்பொருள்) இயங்குகிறதா என்று பாருங்கள். அது கணினி வழியாகக் கடந்துசெல்லும் தரவைத் தடுக்கும்படி தீச்சுவர் விதியை மாற்றிவிடும். பாலத்தின் தரவும் அந்த விதிக்கு உட்படுத்தப்படும்போது அங்கேயே நின்றுவிடும்.

வைஃபை விஷயம் வேறு. தன்னோடு இணைந்த கருவியின் மேக் முகவரியிலிருந்து வரும் தரவை மட்டுமே வைஃபை ரௌட்டர் வழக்கமாக ஏற்கும். பாலத்துக்குப் பின்னால் இருக்கும் மெய்நிகர் கணினியோ வேறொரு மேக் முகவரியோடு வந்து நிற்கிறது. அதனால் மடிக்கணினியில் நீங்கள் செய்தது தவறில்லை. அந்த வழியே அடைபட்டிருக்கிறது. கேபிள் இழுப்பதே நேரான தீர்வு. அது இயலாவிட்டால் உள்வலையை அப்படியே விட்டுவிட்டு, தேவையான போர்ட்டை (ஒரு சேவைக்கான இணைப்பு எண்) மட்டும் மடிக்கணினியிலிருந்து மெய்நிகர் கணினிக்குத் திருப்பிவிடுங்கள்.